ஒப்பந்தத்தின் முடிவுநாள்: கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் கலைப்புலக் கற்பித்தல் நல்கையும் கல்விச் சுதந்திரமும்

பிலடெல்பியாவுக்கு அருகே அகுஸ்தினியத் துறவியர் 1842-இல் நிறுவிய வில்லனோவா பல்கலைக்கழகத்தில், பொறியியல் படிக்க வந்தவரும் வணிகவியல் படிக்க வந்தவரும் முதலாண்டின் இரு பருவங்களிலும் ஒரு கருத்தரங்க வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். விவிலியம், அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்' தொடங்கி நவீன காலம்வரையிலான நூல்களைச் சிறு குழுவாக வாசித்து விவாதிக்கும் வகுப்பு அது. இத்தகைய பொதுப் பாடங்களில்தான் தங்கள் தனித்தன்மை தங்கியிருக்கிறது என்று அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் சொல்லிக்கொள்கின்றன. அவற்றைக் கற்பிக்கும் பொறுப்பில் ஒரு பங்கோ, முனைவர் பட்டம் முடித்த கையோடு ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை 'கற்பித்தல் நல்கை' பெற்று வரும் இளையவர்களிடம் விடப்படுகிறது. இவர்களுடைய கல்விச் சுதந்திரத்துக்கு எல்லை போடுவது திருச்சபையின் போதனை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எல்லையைப் போடுவது ஒப்பந்தத்தின் முடிவுநாளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொதுவான நினைப்புக்குக் காரணம் உண்டு. குருவும் பல்கலைக்கழகத் தலைவருமான ஹெஸ்பர்க் உள்ளிட்ட கத்தோலிக்கக் கல்வியாளர்கள் 1967-இல் வெளியிட்ட லேண்ட் ஓ லேக்ஸ் அறிக்கை, பல்கலைக்கழகத்துக்கு வெளியிலுள்ள எந்த அதிகாரத்துக்கும் கட்டுப்படாத தன்னாட்சியைக் கோரியது. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'எக்ஸ் கோர்தே எக்ளேசியே' என்ற ஆவணம் அந்தக் கோரிக்கைக்கு வேலி கட்டியது. கத்தோலிக்கரல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்று அதன் விதிகள் கூறின. இறையியல் கற்பிக்கும் கத்தோலிக்கர் திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற சட்டமும் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஆனால் அந்த ஒப்புதல் இறையியலாளருக்கு மட்டுமே உரியது. ஷேக்ஸ்பியரையோ பிளேட்டோவையோ கற்பிக்க வருபவரிடம் அதை யாரும் கேட்பதில்லை.

சார்லஸ் கரன் வழக்கை இந்த விவாதத்தில் எடுத்துக்காட்டாதவர் இல்லை. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அறநெறி இறையியல் கற்பித்த அவரை, கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என 1986-இல் வத்திக்கான் அறிவித்தது. அவர் நீதிமன்றம் சென்றார், 1989-இல் தோற்றார். எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது அதே மனிதருக்கு 1967-இல் நேர்ந்தது. அப்போது அவர் நிரந்தரப் பேராசிரியர் அல்லர்; அறங்காவலர் குழு அவரைப் பணிநீக்கம் செய்யவும் இல்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது, அவ்வளவுதான். ஆசிரியர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கிப் பல்கலைக்கழகத்தையே முடக்கிய பிறகு அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. சக ஆசிரியர்கள் அவருக்குப் பதவி உயர்வே பரிந்துரைத்திருந்தார்கள் என்பதால்தான் மறுப்பு கண்ணை உறுத்தியது. நல்கையாளரின் நிலையில் அப்படி உறுத்த ஒன்றுமில்லை. புதுப்பிக்கப்படாமைதான் அங்கே இயல்பு. அவர் பாடத்திட்டத்தில் சேர்க்கத் தயங்கிய நூலும் வகுப்பில் கேட்காமல் விட்ட கேள்வியும் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. 1989-இல் தோற்ற கரனுக்காவது விசாரணையும் தீர்ப்பும் கிடைத்தன.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கை, சமய நோக்கால் விதிக்கப்படும் கட்டுப்பாடு எதுவானாலும் பணியமர்த்தும்போதே எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்றது; தகுதிகாண் காலத்தில் உள்ளவருக்கும் மற்றவர்களுக்குள்ள அதே சுதந்திரம் வேண்டும் என்றும் சொன்னது. முதல் நிபந்தனையைப் பல்கலைக்கழகம் எளிதில் நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதுதான் சிக்கல். தகுதிகாண் காலம் என்றால் அதன் முடிவில் நிரந்தரம் என்றொரு வாசல் இருக்கும். நல்கைக்கு அந்த வாசல் வைக்கப்படுவதே இல்லை. அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் மூத்தவரின் முன்னிலையில், முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையோடு பேசக் கற்றுக்கொள்கிறவருக்கு எழுத்தில் தரப்பட்ட சுதந்திரம் எவ்வளவு பயன்படும்?

எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நல்கை இல்லையென்றால் இந்த இளையவர்கள் வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர ஆசிரியர்களாகத்தான் இருந்திருப்பார்கள். முழுச் சம்பளமும் காப்பீடும் வழிகாட்டலும் நல்கையால்தான் வருகின்றன. உண்மை. ஆனால் பகுதிநேர ஆசிரியர்கள் விஷயத்தில் இந்தப் பல்கலைக்கழகங்கள் நடந்துகொண்ட விதம் அந்த ஆறுதலைக் கெடுக்கிறது. பிட்ஸ்பர்கின் டுகேன் பல்கலைக்கழகப் பகுதிநேர ஆசிரியர்கள் 2012-இல் தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தபோது, சமய நிறுவனம் என்பதால் அரசின் தொழிலாளர் வாரியத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கு உண்டு என்று நிர்வாகம் வழக்காடியது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை 1891-லேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் ஆதரித்தவர் திருத்தந்தை 13-ஆம் லியோ. அந்த மடலை நினைத்தே தம் பெயரைத் தேர்ந்ததாக 2025-இல் கூறிய 14-ஆம் லியோ, 1977-இல் வில்லனோவாவில் கணிதம் படித்து முடித்தவர். கத்தோலிக்க அடையாளம் அரசின் தொழிலாளர் வாரியத்தைத் தள்ளிவைக்கப் பயன்பட்டது. அந்த அடையாளத்துக்குள்ளேயே இருக்கும் சமூகப் போதனையைக் கேட்க மட்டும் பயன்படவில்லை. ஜார்ஜ்டவுன் வேறு வழியில் போனது. அங்கு 2013-இல் பகுதிநேர ஆசிரியர்கள் சங்கம் அமைக்க வாக்களித்தபோது நிர்வாகம் குறுக்கே நிற்கவில்லை.

அகுஸ்தினாரே நிலையற்ற ஆசிரியர் வாழ்க்கையை அறிந்தவர் என்பதை வில்லனோவாவின் முதலாண்டுக் கருத்தரங்கை வடிவமைத்தவர்கள் மறந்திருக்க முடியாது. கார்த்தேஜின் முரட்டு மாணவர்களிடமிருந்து தப்பி உரோமைக்குப் போனால், கட்டணம் செலுத்தும் நேரத்தில் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் தாவிவிடும் மாணவர்கள் அங்கே இருந்தார்கள். 386-இல் மிலானில் சொல்லாட்சிப் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். மகன் அதெயோதாத்துவுடனான உரையாடலாக அவர் எழுதிய 'ஆசிரியர்' என்ற நூல், சொற்களால் அறிவை இன்னொருவருக்குள் கொட்டிவிட முடியாது, மாணவர் தமக்குள்ளேதான் உண்மையிடம் கேட்டறிகிறார் என்று வாதிடுகிறது. அப்படியானால் ஆசிரியரிடம் வேண்டுவது முடிவு தெரியாத கேள்வியை வகுப்பில் திறந்து வைக்கும் துணிவு. அந்தத் துணிவுக்குக் காலம் வேண்டும். போன ஆண்டு தவறாகப் போன வகுப்பை இந்த ஆண்டு மாற்றி நடத்திப் பார்க்க ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

எல்லா நல்கைகளையும் நிரந்தரப் பணியாக்கு என்று கேட்பது நடக்காத காரியம். கேட்கக்கூடியவை சிறியவை. நூல் பட்டியலை முடிவு செய்யும் குழுவில் நல்கையாளருக்கு வாக்கு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கும்போது எழுத்தில் காரணம். நிரந்தர இடம் வரும்போது, ஏற்கெனவே அங்கு கற்பிப்பவரையும் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி. இவற்றில் எதற்கும் உரோமையின் ஒப்புதல் தேவையில்லை.