ஒரே வருடம் வாழ்ந்த காபன் வரி

2019இல் எங்கட இறக்காமத்தில் வாகன லைசன் புதுப்பிக்கப் போனவர்கள் வழமையான கட்டணத்தோடு 'காபன் வரி' என்று ஒன்றையும் கட்டினார்கள். நாங்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். வாப்பாமார் முணுமுணுத்தது மட்டும் ஞாபகம். அடுத்த வருடம் அந்த வரியே இல்லை.

அந்தக் கதை இப்ப ஏன்? சொல்லுறோம்.

2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர வாசித்த 'நீல-பசுமை' பாதீட்டில்தான் இது முன்மொழியப்பட்டது. 2018ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்குக் குறைந்த பெற்றோல், டீசல் வாகனம் என்றால் ஒரு சீசீக்கு 50 சதம். பத்து வருடம் தாண்டினால் 1 ரூபா 50 சதம். ஹைபிரிட்டுக்குக் குறைவு, மின்சார வாகனத்துக்கு இல்லை.

எங்கட வாகனங்களில் அநேகமானவை இறக்குமதிதான், எரிபொருளும் அப்படித்தான். ஆகவே இது வெளியிலிருந்து வரும் பொருளின் புகைக்கு நாமே வைத்த விலை.

கணக்குப் பார்த்தால் புதிய 125 சீசீ பைக்குக்கு வருடத்துக்கு 62 ரூபா 50 சதம். பழைய பைக்குக்கு 187 ரூபா 50 சதம். பழைய எஞ்சின் கூடுதலாகப் புகைக்கும், சரி. ஆனா பழைய பைக் வைத்திருப்பவர் யார்? புதுசு வாங்க வசதியில்லாதவர். வயலுக்குப் போய் வரும் பைக்கும் நாள் முழுக்க ஓடும் பைக்கும் ஒரே தொகைதான் கட்டின, ஏனென்றால் வரி எஞ்சினுக்கு, ஓடிய தூரத்துக்கு இல்லை. அந்தக் காசு எங்கட ஊர் பஸ்ஸுக்கோ குளத்துக்கோ வந்ததாக யாருக்கும் தெரியவில்லை. 2019 இறுதியில் புதிய அரசாங்கம் வரிகளை வெட்டியபோது இதுவும் போனது. அழ ஆளில்லை.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் அதே வேலையைத் தன் எல்லையில் செய்கிறது. 2023 ஒக்டோபரில் அறிக்கை கேட்கத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஐதரசன் ஆகியவற்றின் இறக்குமதிக்குக் காபன் விலை வைத்திருக்கிறது. எங்கட ஆடையும் தேயிலையும் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியல் நீளலாம்.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது: பொருள் உற்பத்தியான நாட்டிலேயே காபன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதாவது தொழிற்சாலைப் புகைக்கு நாங்களே விலை வைத்தால் காசு இங்கே நிற்கும். வைக்காவிட்டால் அங்கே போகும்.

அதனால் காபன் வரி வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அடுத்த தடவை கொண்டுவருபவர்களிடம் இரண்டே கேள்வி: யார் கட்டுவது? காசு எங்கே போகும்? 2019இல் இவற்றுக்குப் பதில் இருந்திருந்தால், வாப்பாமார் முணுமுணுத்தாலும் அந்த வரி இன்றைக்கும் இருந்திருக்கலாம்.