பித்தர்கணிகா தேசியப் பூங்கா

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில், பிராமணியும் வைதரணியும் வங்கக் கடலில் கலக்கும் கழிமுகத்தில் வளர்ந்த அலையாத்திக் காடு பித்தர்கணிகா. 1975-இல் 672 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவிலங்குச் சரணாலயமானது. அதன் உள்வட்டமான 145 சதுர கிலோமீட்டர் 1998-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் இந்த ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதன் வரலாற்றை முதலையைக் காப்பாற்றிய கதையாகவே பலரும் சொல்கிறார்கள். அதில் பொய்யில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. இந்தக் காட்டை உருவாக்கியதும் இன்றுவரை தாங்கி நிற்பதும் ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் நன்னீரும். அவை வருவது பூங்காவின் எல்லைக்கு வெகு தொலைவிலிருந்து.

ஜமீன்தாரி காலத்தில் இது கணிகா அரசர்களின் வேட்டைக்காடு. அவர்கள் மறைந்திருந்து சுடுவதற்குக் கட்டிய கோபுரம் காட்டுக்குள் இன்றும் நிற்கிறது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் 1950-களில் காடு அரசின் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் அழிவு வேகமெடுத்தது. குடியேறியவர்கள் உவர்நீரைத் தடுக்கக் கரை எழுப்பி, மரத்தை வெட்டி, நெல் விதைத்தார்கள். பின்னாளில் இறால் பண்ணைகள் வந்தன. எஞ்சிய காட்டில் சுந்தரி, வெண்கண்டல், சுரபுன்னை எனப் பல இனங்கள் வளர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே தில்லை மரமும் இங்கு ஏராளம். சுந்தரி வகைகளில் ஒன்றுக்குத் தாவரவியலாளர்கள் 1980-களில் கணிகாவின் பெயரையே சூட்டினார்கள்.

தோலுக்காக நடந்த வேட்டையால் 1970-களின் தொடக்கத்தில் இங்கு செம்மூக்கு முதலை அழிவின் விளிம்பில் இருந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வல்லுநர் எச். ஆர். பஸ்டர்டு தந்த ஆலோசனையின்படி, 1975-இல் காட்டுக்குள் இருக்கும் டங்மாலில் முதலை வளர்ப்பு தொடங்கியது. வனத்துறையினர் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குட்டிகளைத் தொட்டிகளில் வளர்த்து, தாமே பிழைக்கும் அளவு வளர்ந்ததும் ஓடைகளில் விட்டார்கள். 1976 கணக்கெடுப்பில் இருந்தவை 96. அண்மைக் கணக்கெடுப்புகளில் 1,800-க்கும் மேல்.

கூடு கட்டும் விதம் வியப்பூட்டுவது. கோடையின் கடைசியில் பெண் முதலை ஓடைக்கரையில் மேடான இடம் பார்த்து, ஹெந்தால் என்று ஒடியாவில் சொல்லப்படும் சதுப்பு ஈச்சையின் ஓலைகளையும் சேற்றையும் சேர்த்துக் குவிக்கும். அந்தக் குவியலின் நடுவில் ஐம்பது முட்டைகள் வரை இடும். வெயிலும் ஓலை மட்கும் சூடும் சேர்ந்து அவற்றை அடைகாக்கும். சூடு 32 பாகை செல்சியஸை ஒட்டியிருந்தால் ஆண் குட்டிகள் மிகும். அதிலிருந்து நன்றாகக் குறைந்தால் எல்லாம் பெண்தான். பொரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை தாய் அருகிலேயே கிடக்கும், நெருங்குவதைத் தாக்கும். பூங்கா மே முதல் ஜூலை வரை பயணிகளுக்கு மூடப்படுவது இதனால்தான். முதலை பெருகியதன் விலையை ஆற்றோர ஊர்கள் கொடுக்கின்றன. மனிதரும் மாடும் தாக்கப்படுவதால் குளிக்கும் துறைகளைச் சுற்றி வேலி அடைத்திருக்கிறார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் கோலா, குப்தி, சாந்த்பாலி ஆகிய இடங்களிலிருந்து படகேறுவது வழக்கம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். நேரத்தைக் கடல்நீர் வற்றுவதற்கு ஏற்ப அமைத்துக்கொள்வது நல்லது. நீர் வடிந்து சேறு வெளிப்படும்போதுதான் முதலைகள் கரையேறி வெயில் காயும், நீர் உடும்புகள் இரை தேடும், புள்ளிமான்கள் ஓரத்துக்கு வரும். இங்கு மீன்கொத்திகளில் மட்டும் எட்டு இனங்கள் உண்டு. 1981-இல் கண்டறியப்பட்ட பாககஹன் கொக்குக் குடியிருப்பைக் காண விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில், ஆகஸ்டில் பூங்கா திறந்த பிறகு, போக வேண்டும். நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டும் காலம் அதுதான்.

காட்டின் கடலோரம் கஹிர்மாதா. பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறி முட்டையிடும் உலகின் சில இடங்களில் ஒன்று அது. 1997-இல் தனிக் கடல் சரணாலயமானது. அருகிலிருக்கும் வீலர் தீவு ஏவுகணைச் சோதனைத் தளம். 2015-இல் அதற்கு அப்துல் கலாம் பெயரைச் சூட்டினார்கள். ஆமைகளைத் திசை மாற்றிவிடாதபடி, முட்டையிடும் பருவத்தில் அங்கு விளக்கொளியைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் காட்டின் மதிப்பைக் கண்ணுக்குக் காட்டியது. கேந்திரபாரா மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்த சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊருக்கும் கடலுக்கும் இடையே அலையாத்தி அகலமாக இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு; அதே வேளையில், முன்னெச்சரிக்கை கிடைத்து மக்கள் வெளியேறியதால் பிழைத்தவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டாம் பகுதியைக் காடு பற்றிப் பேசுவோர் விட்டுவிடுவதுண்டு, விடக் கூடாது.

காடு காக்காத கரைகளும் உண்டு. தெற்கே சதபயா என்ற ஊர்த்தொகுதியின் ஊர்களைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்கியது. எஞ்சிய குடும்பங்களை அரசு 2018-இல் பாகபாட்டியாவில் குடியமர்த்தியது. சதபயாவின் பஞ்சுபராஹி கோயிலில் பூசை செய்பவர்கள் மீனவச் சமூகத்தைச் சேர்ந்த மணமான பெண்கள். ஐந்து தேவியரின் கற்சிலைகளை ஆண்கள் தொடுவது வழக்கமில்லை. அந்த ஆண்டு கோயிலையும் இடம் மாற்ற நேர்ந்தபோது, சிலைகளின் கனத்தால் ஆண்கள் கை கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் தூய்மைச் சடங்கு செய்து பூசை மீண்டும் பெண்களிடம் வந்தது.

இன்று பூங்காவை உறுத்தும் கேள்வி ஆறுகளின் மேல்பகுதியிலிருந்து வரும் நீர். ரெங்காலி அணையும் பிராமணிக் கரைத் தொழிற்சாலைகளும் நீரைத் தேக்கி எடுக்க எடுக்க, கழிமுகத்தில் உப்பு ஏறும். சுந்தரி போன்ற மரங்கள் அதிக உப்பைத் தாங்குவதில்லை. வண்டல் குறைந்தால் கரையும் அரிக்கும். பிராமணியின் கிளையான கரஸ்ரோதாவிலிருந்து பத்ரக் மாவட்டத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைக் கேந்திரபாரா மக்கள் எதிர்த்துப் போராடியபோது, தங்கள் பாசனத்தோடு பித்தர்கணிகாவின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள்.