ஆச்சி கையில இருக்கிற வட்டத் தழும்பு

பாளையங்கோட்டைப் பக்கம் உங்களுக்கு ஆச்சி, தாத்தா யாராவது இருந்தா, அடுத்த தடவை போகும்போது அவங்க கையைக் கவனிச்சுப் பாருங்க. காசு அளவுக்கு வட்டமா ஒரு பழைய தழும்பு இருக்கும். கேட்டா, "சின்னப்பிள்ளையில அம்மை குத்துனது"ன்னு சொல்வாங்க. உங்க தோள்ல இருக்கிற சின்னத் தழும்பு காசநோய்த் தடுப்பூசியோடது. அது வேற, இது வேற. ஆச்சிக்கு இருக்கிற அந்தத் தழும்பு நமக்கு ஏன் இல்ல? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

தசராவுக்குச் சப்பரம் சப்பரமா அம்மன்கள் ஊர்வலம் வர்ற ஊர் பாளையங்கோட்டை. இங்க பிள்ளைக்குக் காய்ச்சலோட உடம்புல ஏதாவது பொரிஞ்சா, வீட்டுல முதல்ல வர்ற பேச்சு, "அம்மா வந்திருக்கா." வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க. தாளிக்க மாட்டாங்க. வெளியாளை உள்ள விட மாட்டாங்க. இறங்கினதும் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க. வெளியாளை விலக்கி வைக்கிற அந்த ஒரு வழக்கத்தை இன்னைக்கு மருத்துவரும் சரின்னுதான் சொல்வார்.

ஆனா ஒரு சிக்கல் இருந்துச்சு. "அம்மை"ங்கிற ஒரே சொல்லுக்குள்ள வேற வேற நோய்கள் இருந்தன. சின்னம்மைக் கொப்புளம் நெஞ்சுலயும் முதுகுலயும்தான் அதிகம். ஒரே நேரத்துல சிலது புதுசா இருக்கும், சிலது காய்ஞ்சிருக்கும். பெரியம்மை முத்து முகத்துலயும் கைகால்லயும் நெருக்கமா வரும். ஒரு இடத்துல இருக்கிற முத்தெல்லாம் ஒரே பருவத்துல இருக்கும். தட்டம்மையில கொப்புளமே கிடையாது. இருமல், சிவந்த கண், அப்புறம் காதுக்குப் பின்னால ஆரம்பிச்சு கீழ இறங்குற சிவப்புத் தடிப்பு. மணல்வாரின்னு சொல்றதும் இதைத்தான்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. 1960கள்ல சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில டாக்டர் ஏ. ஆர். ராவ் ஏறக்குறைய 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பத்திப் பதிவு செஞ்சார். தடுப்பூசி போடாதவங்கள்ல 100க்கு 35 பேர் இறந்தாங்க. போட்டவங்கள்ல 6 பேர். பிழைச்சவங்கள்ல பலருக்கு முகம் முழுக்கத் தழும்பு. சிலருக்குக் கண்ணே போச்சு.

அந்தத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்த கதை விசித்திரமானது. 1802 ஜூன் 14, பம்பாயில மூணு வயசுப் பெண் குழந்தைக்கு முதல்ல போட்டாங்க. அப்ப ஃபிரிட்ஜ் ஏது? ஒரு குழந்தை கையில எழும்புற கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவாங்க. இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் அது மற்ற ஊர்களுக்குப் போச்சு. "அது யார் வீட்டுப் பிள்ளை கை?"ன்னு சாதி கேட்டவங்க உண்டு. அம்மனுக்குக் கோபம் வரும்னு பயந்தவங்களும் உண்டு. அப்புறம் கன்றுகள்ல இருந்து அம்மைப்பால் எடுக்கிற முறை வந்துச்சு. 1899ல தொடங்கின கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டோட ஆரம்பகால வேலையே அதுதான்.

ஆனா ஊசி மட்டும் போதல. 1970கள்ல வடநாட்டுல, பெரியம்மை வந்த குழந்தையோட படத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஊழியர்கள் வீடு வீடாப் போனாங்க. "இந்த மாதிரி யாருக்காவது இருக்கா?"ன்னு கேட்டாங்க. கண்டுபிடிச்ச வீட்டைச் சுத்தி இருக்கிறவங்களுக்கெல்லாம் ஊசி போட்டாங்க. தகவல் சொன்னா 1,000 ரூபாய் பரிசுங்கிற அளவுக்குப் போச்சு. 1975 மே மாசத்தோட இந்தியாவுல பெரியம்மை நின்னுச்சு. 1980ல உலகமே விடுபட்டதா அறிவிச்சாங்க. அதனாலதான் நம்ம கையில அந்தத் தழும்பு இல்ல.

சரி, இப்ப என்ன? 2022ல, செங்கோட்டையைத் தாண்டினா வர்ற கொல்லம் மாவட்டத்துல "தக்காளிக் காய்ச்சல்"னு ஒரு பயம் கிளம்புச்சு. கேரளாவுக்கு வந்துட்டு இங்கிலாந்து திரும்பின குழந்தைகளைப் பரிசோதிச்சப்போ, அது ஏற்கெனவே தெரிஞ்ச கை, கால், வாய் நோய்னு தெரிய வந்துச்சு. பெரும்பாலும் தானா சரியாகிற நோய். பெயர் பயமுறுத்துச்சு, நோய் அவ்வளவு இல்ல.

தட்டம்மை அதுக்கு நேர் எதிர். "அம்மைதானே, தானா இறங்கிரும்"னு விட்டுடுறோம். ஆனா அது நிமோனியாவுல கொண்டு போய் விடும், மூளைக்கும் போகலாம். 2017 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டப்போ, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைத் தடுத்த பெற்றோர் நிறைய பேர். 1802ல இருந்த அதே பயம், இந்தத் தடவை ஃபோன்ல வந்துச்சு.

வேப்பிலையை எடுக்கச் சொல்லல. அது வாசல்லயே இருக்கட்டும். 9 மாசத்துல ஒண்ணு, ஒன்றரை வயசு வாக்குல ஒண்ணு, ரெண்டு ஊசியும் போட்டாச்சான்னு மட்டும் பாருங்க. காய்ச்சலோட வர்ற சிவப்புப் புள்ளி, விரலால அழுத்தினாலும் மறையலைன்னா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

"அம்மா வந்திருக்கா"ன்னு ஆச்சி சொன்னா, மறுத்துப் பேச வேண்டாம். "எந்த அம்மை ஆச்சி?"ன்னு மட்டும் கேளுங்க. பெரியம்மை ஒழிஞ்சதுக்குப் பின்னால இருந்ததும் அந்தக் கேள்விதான்.