நெவர் மைண்ட் த பொல்லாக்ஸ், ஹியர்ஸ் த செக்ஸ் பிஸ்டல்ஸ்

லண்டன் பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் ஒரே ஸ்டுடியோ ஆல்பம். 1977 அக்டோபர் இறுதியில் வர்ஜின் நிறுவனம் இதை வெளியிட்டது. தலைப்பிலேயே 'பொல்லாக்ஸ்' என்ற கொச்சைச் சொல். உள்ளே அரசியார், கருக்கலைப்பு, பெர்லின் சுவர், தங்களைக் கைகழுவிய இசை நிறுவனம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கேட்பவரைச் சீண்டத்தான் செய்தார்கள். ஆனாலும் இன்றுவரை இதைக் கேட்க வைப்பது அந்தச் சீண்டல் மட்டுமல்ல, அதைத் தாங்கி நிற்கும் இசையும்தான்.

செல்சியில் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் ஒரு துணிக்கடை நடத்திவந்தார்கள். கடையின் பெயர் 'செக்ஸ்'. அங்கே வந்துபோன இளைஞர்களைக் கொண்டு 1975இல் குழு உருவானது: கிதாருக்கு ஸ்டீவ் ஜோன்ஸ், டிரம்ஸுக்கு பால் குக், பேஸ் கிதாருக்கு கிளென் மேட்லாக், பாடுவதற்கு ஜானி ராட்டன். மெக்லாரன் மேலாளர். பிரிட்டனில் அப்போது வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1976இல் அரசே சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. எதிர்காலம் இல்லை என்று ஐரிஷ் குடியேறிகளின் மகனான ராட்டன் பாடியபோது, அது அவர் வயதுப் பிள்ளைகளுக்கு வெறும் மேடைப்பேச்சாகப் படவில்லை.

1976 டிசம்பர் 1 மாலை, பில் கிரண்டியின் நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தூண்டிவிட, ஜோன்ஸ் கெட்ட வார்த்தைகளை அடுக்கினார். மறுநாள் நாளேடுகள் கொதித்தன. பெரும்பாலான ஊர்களில் கச்சேரிகள் ரத்தாயின. ஜனவரியில், அவர்களுடன் ஒப்பந்தம் வைத்திருந்த இ.எம்.ஐ. இசை நிறுவனம் அவர்களை விலக்கியது. மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே ஏ அண்ட் எம் நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அச்சிட்ட சுமார் 25,000 இசைத்தட்டுகள் அழிக்கப்பட்டன. பிறகுதான் வர்ஜின் வந்தது. அரசியாரின் வெள்ளிவிழாவையொட்டி மே மாதம் வந்த 'காட் சேவ் த குவீன்' பாடலை பிபிசி தடை செய்தும், விற்பனைப் பட்டியலில் அது 2ஆம் இடம் பிடித்தது.

வாசிக்கத் தெரியாத கூட்டம் என்று இவர்களைப் பலர் ஒதுக்கியது தவறு. வெசெக்ஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவைக் கவனித்த கிறிஸ் தாமஸ், பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட் ஆகியோரின் பதிவுகளில் பணியாற்றியவர். அவரும் பில் பிரைஸும் ஜோன்ஸின் கிதாரை அடுக்கடுக்காகப் பதிந்து, சுவர்போல் கனத்த ஒலியை எழுப்பினார்கள். மேட்லாக் அதற்குள் விலகியிருந்தார். அவருக்குப் பதில் வந்த சிட் விஷியஸுக்கு பேஸ் அவ்வளவாக வராது. மஞ்சள் காமாலையால் மருத்துவமனையிலும் கிடந்தார். ஆகவே பெரும்பாலான பாடல்களில் பேஸையும் ஜோன்ஸே வாசித்தார். 'ஹாலிடேஸ் இன் த சன்' பூட்ஸ் கால்கள் அணிவகுக்கும் சத்தத்துடன் தொடங்குகிறது. கிதார் அதே நடையைப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் ராட்டனின் குரல் ஏளனத்தோடு ஏறுகிறது. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் பல்லில் கடித்து இழுக்கும் அந்தக் குரலுக்கு ஈடு இல்லை.

ஜேமி ரீட் வடிவமைத்த மஞ்சள் அட்டையில், பணம் கேட்டு மிரட்டும் மொட்டைக்கடிதம்போல எழுத்துகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. பூட்ஸ், டபிள்யூ.எச். ஸ்மித் போன்ற பெரிய கடைகள் விற்க மறுத்தன. ஆயினும் ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. அட்டையைக் காட்சிக்கு வைத்ததற்காக நாட்டிங்ஹாம் வர்ஜின் கடையின் மேலாளர்மீது 1889ஆம் ஆண்டின் அநாகரிக விளம்பரச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். அவருக்காக வாதாடியவர் எழுத்தாளருமான ஜான் மார்ட்டிமர். 'பொல்லாக்ஸ்' என்ற சொல் பழைய ஆங்கிலத்திலேயே உள்ளது, பாதிரிமாரைக் குறிக்கவும் வழங்கியது, இங்கே 'உளறல்' என்றுதான் பொருள் என ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சாட்சி சொன்னார். நவம்பர் 24 அன்று நீதிமன்றம் வேண்டாவெறுப்பாக விடுதலை அளித்தது.

இவர்கள் சீண்டியதெல்லாம் நியாயம் என்று சொல்ல முடியாது. அதிர்ச்சிக்காக விஷியஸ் நாஜிகளின் ஸ்வஸ்திகா அணிந்து திரிந்ததை எந்த வகையிலும் ஏற்க இயலாது. அங்கே அடி விழுந்தது அதிகாரத்தின்மேல் அல்ல, ஏற்கெனவே வதைபட்டவர்கள்மேல். அரசியாரைப் பற்றிய பாடலும், தங்களைக் கைவிட்ட நிறுவனத்தின் பெயரையே தலைப்பாக்கிய இறுதிப் பாடலும் வேறு ரகம். தங்களைவிடப் பெரியவர்களை நேருக்கு நேர் நின்று கேட்கும் அந்தத் துணிவுதான் ஆல்பத்தின் உயிர்.

1978 ஜனவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு குழு உடைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் விஷியஸ், 21 வயதில், ஹெராயினால் இறந்தார். 2006இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவிக்க அழைத்தபோது, வர மாட்டோம் என்று வசைமொழியில் எழுதியனுப்பினார்கள்.