யாரை நம்புவது? – ஒரு பழைய பிரெஞ்சு வழக்கு



பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாலை என் அக்கா வீட்டுக்கு வந்தார். காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு முற்றத்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார். மாமா காலமான பிறகு அவர் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே பிரசங்கம் செய்பவர் மேல் அவருக்கு மிகுந்த நம்பிக்கை. மகனைப் பற்றிய ஒரு வேதனையை அவரிடம் தனியாகச் சொல்லி, ஜெபிக்கக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மனிதர் அதையே மேடையில் உதாரணமாகச் சொல்லிவிட்டார். பெயரைச் சொல்லவில்லை. பெயர் எதற்கு? தெருவில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"அவர் பேசினதுல ஒரு வார்த்தை பொய் இல்ல தம்பி. சொன்ன புத்தியும் நல்ல புத்திதான். ஆனா அது நான் அவர்கிட்ட நம்பிக் குடுத்து வச்சது இல்லியா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று பொசுயே, மற்றொன்று ஃபேனலோன்.

புதுச்சேரியில் என் தலைமுறையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் தெரியாமல் இருக்காது. பொசுயே மோ நகரத்தின் ஆயர். அவருடைய அடக்கப் பூசைப் பிரசங்கங்களை நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஃபேனலோன் கம்ப்ரே பேராயர். அவருடைய 'தெலெமாக்' எங்களுக்கு 'திக்தே' எழுதக் கொடுக்கப்படும். ஒவ்வொரு தப்புக்கும் மதிப்பெண் போகும். இருவரும் பெரியவர்கள் என்று சொன்ன ஆசிரியர், இருவரும் போட்ட சண்டையை ஒரே வரியில் முடித்துவிட்டார். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அதை முழுவதும் படித்தேன். அந்த வழக்கை இங்கே சொல்கிறேன்.

வழக்கின் நடுவில் இருப்பவர் ஒரு பெண். மதாம் கியோன், 1648இல் மோந்தார்ஜி ஊரில் பிறந்தவர். தம்மைவிட இருபத்திரண்டு வயது மூத்தவருக்குப் பதினைந்து வயதிலேயே மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். 1676இல் விதவையானார். பிறகு லா கோம்ப் என்ற துறவியைத் தம் ஆன்ம குருவாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று ஜெபம் பற்றிப் போதித்தார். ஜெபத்துக்கு எளிதான குறுக்கு வழி ஒன்றைக் காட்டும் அவருடைய சிறு நூல் 1685இல் கிரெனோபிள் நகரில் வெளிவந்தது. படிப்பில்லாதவனும் உள்ளுக்குள் அமைதியாகி, கடவுளிடம் தன்னை முழுவதும் ஒப்படைத்து ஜெபிக்கலாம் என்பது அவருடைய போதனை. கைம்மாறு எதையும், மோட்சத்தைக்கூட எதிர்பாராத அன்பே தூய அன்பு என்றார்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பயப்படவும் காரணம் இருந்தது. 1687இல் இதைப் போன்ற போதனைக்காகவே மொலினோஸ் என்ற ஸ்பானியக் குருவை ரோமாபுரி கண்டித்திருந்தது. மனிதன் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் போதும் என்றால், பாவத்தை எதிர்த்து நிற்பது யார்? தன் ஆத்துமத்தைப் பற்றிக்கூடக் கவலைப்படக் கூடாது என்றால், மனந்திரும்புவது எதற்கு? இவை நியாயமான கேள்விகள்தான்.

பதினான்காம் லூயி மன்னரின் இரகசிய மனைவி மதாம் தெ மேந்தெனோன், ஏழைப் பிரபுக்களின் பெண்பிள்ளைகளுக்காக 1686இல் சேன் சீர் என்ற இடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். அவர் முதலில் மதாம் கியோனை நம்பினார், பள்ளிக்குள்ளும் வரவிட்டார். கொஞ்ச நாளில் அங்கே துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி பெருக்காமல் தியானத்தில் நிற்பவர்கள் தோன்றினார்கள் என்று அந்த மடத்து நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பகுதி ஆயர் எச்சரித்தார். 1693இல் மதாம் கியோனுக்குப் பள்ளிக் கதவு சாத்தப்பட்டது.

பின்னாளில் அரச பேரனின் ஆசிரியரான ஃபேனலோன் 1688இல் மதாம் கியோனைச் சந்தித்து, அவருடைய ஜெப வாழ்க்கையில் உண்மை இருப்பதாக நம்பினார். சந்தேகம் எழுந்தபோது, பொசுயேவிடம் எல்லாவற்றையும் காட்டித் தீர்ப்புக் கேட்கலாம் என்று முடிவாயிற்று. அக்காலப் பிரான்சில் பொசுயேவைவிடப் பெரிய அறிஞர் ஆயர்களில் இல்லை. மதாம் கியோன் தம் நூல்களை மட்டும் அல்ல, வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருந்த தம் வாழ்க்கை வரலாற்றின் கையெழுத்துப் பிரதியையும் அவரிடம் நம்பிக் கொடுத்தார். ஃபேனலோனும் தம் உள்ளத்தைத் திறந்து பல கடிதங்கள் எழுதினார்.

1695 மார்ச் மாதத்தில், இசி என்ற ஊரில் நடந்த விசாரணையின் முடிவில் 34 விதிகள் கையெழுத்தாயின. ஃபேனலோனும் கையெழுத்துப் போட்டார். அதே ஆண்டு ஜூலையில் அவரைக் கம்ப்ரே பேராயராக அபிஷேகம் செய்தவர் பொசுயேதான். மோ நகரத்துக் கன்னியர் மடத்தில் தங்கியிருந்த மதாம் கியோனுக்குப் பொசுயே நற்சான்றும் கொடுத்தார். கோப்பு அத்துடன் மூடப்பட்டிருக்க வேண்டும்.

மூடப்படவில்லை. டிசம்பரில் மதாம் கியோன் கைது செய்யப்பட்டார். பொசுயே ஜெபநிலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதற்கு ஃபேனலோனின் ஒப்புதலைக் கேட்டார். போதனையில் உள்ள பிழையைக் கண்டிக்கத் தயார், ஆனால் அந்தப் பெண்ணின் நோக்கமே கெட்டது என்று எழுதியிருப்பதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் ஃபேனலோன். 1697இல் தம் தரப்பைத் தனி நூலாக வெளியிட்டார். அரசர் அவரை அரண்மனையிலிருந்து நீக்கிக் கம்ப்ரேயிலேயே இருக்கச் சொன்னார். வழக்கு ரோமாபுரிக்குப் போனது.

அங்கே தீர்ப்பு தாமதமானபோது, 1698 ஜூனில் பொசுயே ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் இறையியல் வாதத்தைவிடக் கதை அதிகம். மதாம் கியோன் நம்பிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியிலிருந்தும், ஃபேனலோன் அந்தரங்கமாக எழுதியவற்றிலிருந்தும் எடுத்த கதைகள். அருள் நிரம்பி வழிந்ததால் உடுப்பின் கட்டுகளைத் தளர்த்த வேண்டியிருந்தது என்று அந்தப் பெண் எழுதியிருந்ததும் அதில் வந்தது. அரண்மனை முழுவதும் அதைப் படித்துச் சிரித்தது. அப்போது மதாம் கியோன் பாஸ்டில் சிறையில் இருந்தார். பதில் சொல்ல வழியில்லை.

நண்பர்களே, நான் முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன். 'இரகசியம்' என்று முத்திரை குத்திய கோப்பு மேசைக்கு வந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதை டீக்கடையில் பேச எனக்கு அதிகாரம் இல்லை. உண்மை என்பது வேறு, அதைச் சொல்லும் உரிமை என்பது வேறு. பொசுயே சொன்னதில் பெரும்பகுதி பொய்யல்ல. ஆனால் அது அவரிடம் நம்பிக் கொடுத்து வைத்தது.

தீர்ப்பு 1699 மார்ச் 12இல் வந்தது. பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னொசென்ட், ஃபேனலோனின் நூலிலிருந்து 23 கூற்றுகளைக் கண்டித்தார். பதித மார்க்கம் என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தவில்லை. செய்தி வந்தபோது ஃபேனலோன் மங்கள வார்த்தைத் திருநாள் பிரசங்கத்துக்குத் தயாராக இருந்தார். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை ஒதுக்கிவிட்டு, கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே தம் நூல் கண்டிக்கப்பட்டதைத் தம் மறைமாவட்டத்துக்குத் தாமே அறிவித்தார். ஒருவர் கடவுளை அதிகமாக நேசித்துத் தவறினார், மற்றவர் அயலானைக் குறைவாக நேசித்துத் தவறினார் என்று பாப்பரசர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, வழக்கின் சாரம் அதுதான்.

1700இல் கூடிய பிரெஞ்சு ஆயர்களின் பேரவையில், மதாம் கியோனின் ஒழுக்கத்தின் மேல் குற்றம் இல்லை என்பதைப் பொசுயேவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆனாலும் அந்த அம்மாள் வெளியே வந்தது 1703இல்தான். பிறகு புளுவா நகரில் அமைதியாக வாழ்ந்து 1717இல் இறந்தார். ஃபேனலோன் கம்ப்ரேயை விட்டு வெளியேறவே இல்லை. 1709இல் போர் அந்தப் பக்கம் வந்தபோது, காயம்பட்டவர்களுக்கும் ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கும் தம் மாளிகையைத் திறந்து விட்டார்.

யார் நல்ல போதகர்? சபைகளில் நாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: அவர் சொல்வது வேதத்துக்கு ஒத்து வருகிறதா? அவசியமான கேள்வி. அந்த வகையில் பொசுயே வென்றார். ரோமாபுரியே அவர் பக்கம் நின்றது. ஆனால் ஆவிகளைச் சோதிக்கச் சொன்ன அதே திருமுகத்தில்தான் அர்ச். யோவான், சகோதரனை வெறுக்கிறவன் இருளில் இருக்கிறான் என்றும் எழுதுகிறார். போதனையை ஒரு தராசில் நிறுக்கிறோம். போதகரை இன்னொரு தராசில் நிறுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தராசில் நான் இரண்டு படிக்கற்களை மட்டும் வைப்பேன். நம்பி ஒப்படைத்ததை அவர் எப்படிக் காக்கிறார்? நீ தவறு என்று சொன்னால் அவர் என்ன செய்கிறார்? ஃபேனலோனின் நூலை நான் பின்பற்ற மாட்டேன். என் துக்கத்தை ஒருவரிடம் சொல்ல வேண்டுமென்றால் அவரிடம்தான் போவேன்.

இதையெல்லாம் பிறகு ஒரு நாள் அக்காவிடம் என்னால் முடிந்த தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பெரிய ஆயர் அப்புறம் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டாரா?" என்றார்.

"கேட்டதாக நான் படித்த எதிலும் இல்லை அக்கா. அவர் 1704இல் இறந்துபோனார்" என்றேன்.

"இவரும் கேக்கல" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு என்னோடு வருகிறார். பங்குச் சாமியார் பிரசங்கம் சுமார்தான், கொஞ்சம் இழுப்பார். ஆனால் காது கேட்பவர், வாய் திறக்காதவர் என்று அக்கா சொல்கிறார்.