பெரட்டுத் தப்பும் காமன் இரவும்: ஆவணப்படம் வெட்டிவிடும் இடைவெளி

பிரித்தானியக் கலைஞர் ஜெரமி டெல்லரின் 'எவ்ரிபடி இன் த பிளேஸ்' (2018) என்ற ஆவணப்படம் லண்டன் வகுப்பறை ஒன்றில் நடக்கிறது. ரேவ் எனப்படும், விடிய விடிய மின்னிசைக்கு ஆடும் கூட்டங்களின் வரலாற்றை அவர் மாணவர்களுக்குச் சொல்கிறார். 1984-85இன் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடாமல் அவரால் அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை. ஆலை ஓய்ந்த இடத்தில் ஆட்டம் புகுந்தது; உழைப்பை விரட்டிய இயந்திரத் தாளத்துக்கே அடுத்த தலைமுறை மனமுவந்து ஆடியது. அந்தப் படத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நின்று பார்த்தால் இந்த வாதம் போதவில்லை. டெல்லரிடம் ஆலை முதலிலும் ஆட்டம் பிறகும் வருகின்றன. தோட்டத்திலோ இரண்டும் ஒரே தோற்கருவிக்குள் இருந்தன. விடியுமுன், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இருந்த சனத்தைப் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, எழுப்பியது தப்பு என்னும் அந்த வட்டக் கருவி. மாசி மாதம் ரதி-மன்மதன் கதையை இரவெல்லாம் ஆடும் காமன் கூத்துக்கு மலையகத்தில் சனத்தைத் திரட்டியதும் தப்புத்தான். இறப்பர் மலைகளில் காலைக் கெடு இன்னும் இறுக்கம். வெயில் ஏறினால் பால் ஓடாது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கில நெடுங்கவிதையில் அந்த விடியற்காலைத் தப்பொலியைப் பதித்துவைத்தார். கூத்தை அடக்க, ரேவை அடக்க வந்ததுபோல் காவல்துறை வரத் தேவையில்லை. காலைப் பெரட்டே போதும்.

ஆவணப்படம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. பாசில் ரைட்டின் 'சாங் ஒஃப் சிலோன்' 1934இலேயே எடுக்கப்பட்டது, அதுவும் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே. அதன் மூன்றாம் பகுதியில் வோல்டர் லீ அமைத்த ஒலித்தடம் இன்றும் வியப்பூட்டுகிறது: சந்தை விலைகள், தொலைபேசிக் குரல்கள், தந்தி, கப்பல் செய்திகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பிற்கால மின்னிசையின் அடுக்குமுறையை அது முன்கூட்டியே செய்துபார்த்தது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அடுக்கப்பட்ட குரல்கள் விற்றவர்களுடையவை. கடைசிப் பகுதி கண்டி நடனத்துக்கும் வழிபாட்டுக்கும் போகிறது. வணிகம் ஒரு பகுதியிலும் ஆட்டம் வேறொரு பகுதியிலும் பிரிந்து கிடக்க, இரண்டையும் ஒரே குச்சியால் அடித்த லயத்துக் கை படத்தில் இல்லை.

இனி யாராவது அந்தக் கையைப் படமெடுத்தால் எதைக் கவனிக்கவேண்டும்? என் விடை: தப்பு ஓயும் நேரத்தை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் இரத்தினபுரியில் தோல் சும்மா இருக்காது. ஈரம் ஏறினால் தளர்ந்து 'தொம்' என்று செத்த குரல் கொடுக்கும். அப்போது அடிப்பவர் ஒதுங்கி, சருகோ வைக்கோலோ கொளுத்தி, வட்டத்தைத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். விரலால் தட்டிப் பார்ப்பார். போதாதென்றால் மறுபடி தீ. தோல் இறுகிக் குரல் ஏறியபின்தான் ஆட்டக்காரர் கால் எடுக்கலாம். ரேவ் இசைஞர் இரண்டு இசைத்தட்டுகளை ஓடவிட்டு, ஒன்று முடியுமுன் மற்றொன்றை இணைத்துவிடுவார். இடைவெளி விடாமையே அவருடைய கலை. படத்தொகுப்பாளருக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது. தீக்காய்ச்சும் ஐந்து நிமிடத்தை 'ஒன்றும் நடக்காத' காட்சி என்று கழித்துவிடுவார். கழிக்கப்படுவது, சாதியின் பெயரால் தப்புக்குக் கட்டப்பட்ட ஒருவரின் வேலை. சாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆட்டத்தைக் கொண்டாடும் படம் இதைத் தவறவிட்டால், உழைப்பைத் தொடாமல் ஆட்டத்தின் கதையைச் சொல்லமுடியாது என்று டெல்லர் கற்றுத்தந்த பாடமும் வீண்.

இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவின் இரவுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். பலர் வடக்கே ஓடினர். ரேவுக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாளத்தையே வரையறைக்குள் எழுதி ரேவை விரட்டியது. அங்கே இளைஞர்கள் ஒலிபெருக்கிகளைப் பறிகொடுத்தார்கள். இங்கே, இரவில் லயத்துக்கு வெளியே தீ தெரிந்தால் அது தப்புக் காய்ச்சும் தீயா வேறு தீயா என்று பார்த்தே கதவைத் திறக்கவேண்டிய காலம் இருந்தது.