ஒன்றரை மணிக்குப் பிறகு

நூற்றாண்டு மலர் ஒன்றில் என்னென்ன இடம்பெறும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த கதை, பரீட்சைப் பெறுபேறுகள், இல்ல விளையாட்டுப் போட்டிகள். இவை யாவும் காலை மணிக்கும் பகல் மணிக்கும் இடையில் நடந்தவை. மலர்க்குழுவினர் ஒரு பிற்பகலில் கூடியிருந்து பழைய புகைப்படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எங்களில் மூவர் அடிக்கடி கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வந்துவிட்டதா, யார் கதவைத் திறந்தது, சோறு சாப்பிட்டதா என்ற கேள்விகள்தான். பகல் மணி அடித்த பிறகு நடந்தவற்றுக்கும் நூறு ஆண்டு வரலாறு உண்டு, அதை யாரும் எழுதவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. இக்கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சிறு கணக்கு. நமது பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகின்றன. முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளை அதற்கும் முன்பே விட்டுவிடுகிறார்கள். அரச அலுவலகம் 8.30க்குத் திறந்து 4.15க்கு மூடுகிறது. பாடசாலை விட்டதற்கும் அலுவலகம் விடுவதற்கும் இடையில் 2 மணி 45 நிமிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள் என்று வைத்தால் 550 மணித்தியாலம். ஒரு பிள்ளை ஐந்தாம் தரத்தை முடிப்பதற்குள் 2,750 மணித்தியாலம். இது மாதச் சம்பளக்காரியின் கணக்கு. சிலாபத்துக்கோ அநுராதபுரத்துக்கோ வேலைக்குப் போக விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பவளுக்குக் காலையிலும் ஒரு மணி நேரம் துண்டு விழும். உப்பளத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போகும் நாட்கூலிக்காரிக்கு மணிக்கூடே வேறு. இந்த மணித்தியாலங்களை நூறு ஆண்டுகளாக யார் சுமந்தார்கள்?

நமது பாட்டிமாரின் காலத்தில் இது ஒரு பிரச்சினை என்று எவரும் சொன்னதில்லை. அக்காலத்தில் பாடசாலை காலை, பிற்பகல் என இரு வேளை நடந்தது. பகலில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். தாய்மாரின் உழைப்பில் பெரும்பகுதி வீட்டைச் சுற்றியே இருந்தது. ஓலை பின்னுவது, கருவாடு காயவைப்பது, தோட்டத்துக்கு நீர் இறைப்பது என்று வேலைக்கு நடுவே பிள்ளை காலடியில் கிடந்தது. தாய் வீட்டைவிட்டு வெளியே கூலிக்குப் போக வேண்டி வந்த குடும்பங்களில் கைக்குழந்தை மூத்த பெண்பிள்ளையின் இடுப்புக்கு மாறியது.

மூத்த அங்கத்தவர் ஒருவர் தமது ராத்தாவைப் பற்றிச் சொன்னார். வாப்பா கடலில் தவறிய பிறகு உம்மா உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். வீட்டில் இரு சின்னப் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ராத்தா அந்த வருடத்தோடு நின்றுவிட்டார். தங்கை படித்து ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டார். "நான் வாங்கிய பென்சனில் பாதி ராத்தாவுடையது. அவரை யாரும் பழைய மாணவி என்று கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை" என்றார் அவர். பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டினால் இப்படிப்பட்ட பெயர்கள் எத்தனையோ. விலகியதற்கான காரணம் என்ற இடத்தில் "வீட்டு நிலைமை" என்ற இரு சொற்கள் மட்டும் இருக்கும்.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனால்தான் நம்மில் பலர் இம்மலரை வாசிக்கிறோம். 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடைத் துணியும் கிடைத்தது. கட்டணம், புத்தகம், உடுப்பு என்று ஒவ்வொரு செலவாகக் குறைந்து வந்தது. ஆனால் பெண்பிள்ளை பாடசாலைக்கு வந்தால் வீட்டில் சின்னவனை யார் பார்ப்பது என்ற செலவை எந்தத் திட்டமும் தொடவில்லை. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கிய விதிமுறைகள் 1997இல் வெளியாகி 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அந்த வயது 16 ஆனது. ராத்தாமார் வீட்டில் நிற்பது இவ்வாறு சட்டத்துக்கு மாறானது. நல்ல காரியம்தான். ஆனால் ராத்தா இருந்த இடத்தில் வேறொருவரை வைப்பதற்குச் சட்டத்தில் எதுவும் இருக்கவில்லை.

இதே தீவின் மலைநாட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. தேயிலைத் தோட்டங்களில் "பிள்ளை மடுவம்" என்றொரு இடம் நெடுங்காலமாக உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய் காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். ஓர் ஆயா பார்த்துக்கொள்வார். அது தோட்டத்துரையின் இரக்கத்தால் மட்டும் எழுந்ததல்ல. பெண்ணின் கை இல்லாமல் கொழுந்து மூட்டை நிறையாது என்பது அவருக்குத் தெரியும். அந்த மடுவங்கள் பல காலம் இருண்டும் நெருக்கடியாகவும் கிடந்தன என்பதும் உண்மை. ஆயினும் அங்கே ஒன்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது: வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளைக்கு ஓர் இடமும் அதற்குச் சம்பளம் பெறும் ஒருவரும் வேண்டும்.

நமது கரையில் அப்படி ஒரு முதலாளி இல்லை. உப்பு வாருவதும் வெங்காயம் பிடுங்குவதும் இறால் தெரிவதும் பெரும்பாலும் நாட்கூலி, பருவ வேலை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் பாலூட்டும் தாய்மாருக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரு இடைவேளை கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். காப்பகம் அமைப்பது முதலாளிக்கும் இலாபம் என்று சொல்லாமல் சொல்லும் விதி அது. ஆனால் நாட்கூலிக்காரி இந்த இடைவேளையை யாரிடம் கேட்பாள்? கேட்டுப் பெற்றாலும் முதற் பிறந்தநாளோடு அது முடிந்துவிடுகிறது. பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்குவது ஐந்து வயதில்.

1970களின் பிற்பகுதியில் இருந்து மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல் பக்கங்களில் தாய் போகாத தெருவே இல்லை என்னும்படி ஆயிற்று. அவர்கள் அங்கே பிறர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வந்ததும் சோறு கொடுத்து, தூங்க வைத்தார்கள். அதற்குச் சம்பளம் கிடைத்தது. இங்கே அதே வேலையை அவர்களின் பிள்ளைகளுக்கு உம்மம்மாவும் அம்மம்மாவும் சம்பளமில்லாமல் செய்தார்கள். 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள பெண் வீட்டுப் பணிக்குப் போகக்கூடாது என்றும் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றும் விதி வந்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைந்தது. பிள்ளையின் நலன் கருதியே விதி போட்டதாகச் சொன்னார்கள். அப்படியானால் கேள்வி தாயிடம் மட்டும் ஏன் கேட்கப்பட்டது? போகாமல் இங்கேயே வேலைக்குப் போனால் பிள்ளையை எங்கே விடுவது என்பதற்கு விடை ஏன் தரப்படவில்லை?

இதற்கிடையில் 1990 வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும்பாலோர் நமது மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. நமது வகுப்புகளும் நெருங்கின. அந்த நெருக்கத்தில் கிடைத்த தோழிகள் இன்றும் நமது சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது நமக்குப் புதிதாக இருந்தது. "ஊரில் உம்மா வெளியே போனால் ஒரு பக்கம் மாமி வீடு, மறுபக்கம் சாச்சி வீடு. இங்கே வந்த பிறகு மாமி ஒரு முகாம், சாச்சி வேறு முகாம். உம்மா வெங்காயத் தோட்டத்துக்குப் போன நாளெல்லாம் கொட்டிலில் நாங்கள் தனியே இருந்தோம்." வீட்டையும் நகையையும் இழந்ததை எல்லோரும் எழுதினார்கள். பிள்ளை பார்க்க இருந்த மாமி வீட்டை இழந்ததை எவரும் இழப்பாக எழுதவில்லை. உறவினர் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த வருடம் காட்டிவிட்டது.

இன்று அந்த நூல் முகாம் இல்லாமலேயே அறுகிறது. அம்மம்மாவும் வேலைக்குப் போகிறார்; இல்லாவிட்டால் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். அதனால் ஒன்றரை மணிக்குப் பிறகு நமது பிள்ளைகள் பிரத்தியேக வகுப்புக்குப் போகிறார்கள். புலமைப் பரிசிலுக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பாதிக் காரணம், நாலரை வரை பிள்ளை ஒரு கூரையின் கீழ், ஒரு பெரியவரின் கண் முன்னே இருக்கும் என்பதுதான். களைத்த பிள்ளை மீண்டும் வாங்கில் உட்காருகிறது. வான் கட்டணம், வகுப்புக் கட்டணம், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கான மாதப் பணம் என்று கூட்டிப் பார்த்த ஒரு தங்கை, சம்பளத்தில் பாதிக்குக் கிட்டப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் உத்தியோகத்தை விட்டுவிட்டார். அவர் பட்டதாரி. நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். பரீட்சைகளில் ஆண்பிள்ளைகளை முந்தும் பெண்பிள்ளைகள் பிறகு எங்கே போய்விடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளுக்கும் இந்தக் கவலை தெரிந்ததே; அங்கே சில இடங்களில் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டொலருக்குப் பிள்ளைப் பராமரிப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பாடசாலைக்குள்ளேயே கிடைத்தது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் 750 பாடசாலைகளில் கட்டணமில்லாக் காலை உணவு வேளை தொடங்கியது. ஜேர்மனியில் 2026 ஓகஸ்ட் முதல், முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாக, முழுநாள் பராமரிப்பு பிள்ளையின் சட்ட உரிமை. அக்கரையில் தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பர் 15இல் அரச தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. விடிய எழுந்து கூலிக்கு ஓடும் தாய்க்கு அது வெறும் உணவல்ல, காலையில் ஒரு மணி நேரம். இந்த வழிகளில் பலவற்றுக்கும் ஒன்று பொது. ஏற்கெனவே இருக்கும் பாடசாலையின் கதவை முன்னதாகத் திறந்தார்கள் அல்லது பிந்தி மூடினார்கள்.

நமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் ஒன்றரை மணிக்குப் பிறகு வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மதில் இருக்கிறது. இரண்டு அறைகள் நாலரை வரை திறந்திருந்தால் போதும். ஒரு நேரச் சோறு, படுக்க ஒரு பாய், வீட்டுப்பாடத்துக்கு ஓர் உதவி, விளையாட ஒரு முற்றம். இதற்கான கோரிக்கையைப் பாடசாலை அபிவிருத்திக் குழுவின் முன் வைக்க நமது சங்கம் முன்வர வேண்டும் என்று கேட்கிறோம். நூற்றாண்டு நினைவாக வளைவும் கோபுரமும் கட்டலாம்; அவை எங்கும் போய்விடா, பிறகும் கட்டலாம்.

ஒரு நிபந்தனையை மட்டும் வற்புறுத்த விரும்புகிறோம். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணுக்கு முறையான சம்பளம் கொடுக்க வேண்டும். தொண்டாக யாராவது செய்வார்கள் என்று விட்டுவிடக்கூடாது. இந்த வேலையை நூறு ஆண்டுகளாக ராத்தாமாரும் உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் தொண்டாகவே செய்தார்கள். நமக்கு இலவசமாகக் கிடைத்தது என்று நாம் எண்ணியதன் விலையை அவர்கள் கொடுத்தார்கள். சிலர் தமது படிப்பையே கொடுத்தார்கள்.

இம்மலரை வாசித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் சின்னவர்களைப் பார்த்தவர் யார், நீங்கள் வேலைக்குப் போனபோது உங்கள் பிள்ளைக்குக் கதவைத் திறந்தவர் யார் என்று நினைத்துப் பார்த்து, அப்பெயரைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அவர்களில் நமது இடாப்பில் ஒரு நாளாவது பெயர் இருந்தவர்கள் எல்லோரும் நமது பழைய மாணவிகளே. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவர்களுக்கும் அழைப்பு போகும்.